தேர், நாரை, தாலி: மூன்று படமும் ஏன் கலங்கின?

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். ஒன்றரை வருடம் முன்னால் கேமரா வாங்கினாராம். கிராப் சென்சார் (பிலிம் சட்டத்தைவிடச் சின்ன சென்சார்), 24 மெகாபிக்சல். கூடவே 18-55, 55-250 என்று கேமராவோடு சேர்த்து விற்கிற இரண்டு கிட் லென்ஸ், பிறகு ஒரு 50 எம்எம் 1.8. (எம்எம் எண் கூடக்கூடத் தூரத்தில் இருப்பது பெரிதாகத் தெரியும்.) "கேமரா திரையில பாக்கும்போது நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல போட்டுப் பெரிசாக்குனா எதுவுமே ஷார்ப்பா இல்ல. நெல்லை ஆனித் தேரோட்டம், கூந்தன்குளம் நாரை, அக்கா கல்யாணத்துல தாலி கட்டுற நேரம், மூணும் போச்சு. ஆச்சி பீடி சுத்துற படம் மட்டும் எப்படியோ நல்லா வந்துட்டு. கடன் வாங்கியாவது 70-200 எஃப் 2.8 வாங்கிரலாமா?" நான்கு படங்களையும், எந்த அளவில் எடுத்தார் என்ற விவரத்தோடு அனுப்பியிருந்தார்.

முதலில் அந்தக் கடன் பேச்சை ஓரமாக வையுங்கள் தம்பி. நான்கு படத்தையும் நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். தேர்ப் படத்தில் பின்னால் கடைச் சுவரில் ஒட்டியிருக்கிற போஸ்டரின் பொடி எழுத்தை வாசிக்க முடிகிறது. தாலிப் படத்தில் மாப்பிள்ளையின் பட்டுச்சட்டையில் இழை இழையாக நெசவு தெரிகிறது. லென்ஸ் தன் வேலையைச் செய்துவிட்டது. நீங்கள் பார்க்க ஆசைப்பட்ட இடத்தில் செய்யவில்லை, அவ்வளவுதான். நாரைப் படத்தில்தான் எங்கேயுமே தெளிவு இல்லை. அதற்குக் காரணம் லென்ஸுக்கு முன்னால் கிடந்த காற்று. மூன்று படமும் கெட்டதற்கு மூன்று தனிக் காரணம் இருக்க, ஒரே லென்ஸை வாங்கி மூன்றையும் சரிக்கட்டப் பார்க்கிறீர்கள்.

இன்னும் லென்ஸ் மேல் சந்தேகம் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். வீட்டுச் சுவரில் நாளிதழ்ப் பக்கம் ஒன்றைச் சுருக்கம் இல்லாமல் ஒட்டுங்கள். பகல் வெளிச்சம் போதும். கேமராவை நேர் எதிரே டிரைபாடில் வைத்து எஃப் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு நொடி டைமர் போட்டு எடுங்கள். (எஃப் என்பது லென்ஸ் திறப்பான அப்பர்ச்சரின் அளவு, எண் குறையக் குறையத் திறப்பு பெரிது. ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்குச் சென்சார் காட்டும் உணர்திறன்.) டிரைபாட் இல்லையென்றால் ஸ்டூல் மேல் அரிசிப் பையைப் போட்டு அதன்மேல் வைக்கலாம். வரி விளம்பரத்தை வாசிக்க முடிந்தால் உங்கள் லென்ஸ் நல்ல லென்ஸ். அடுத்து கேமராவைக் கையில் பிடித்து அதே பக்கத்தை எடுங்கள்; ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை 1/250 நொடி, 1/125, 1/60, 1/30 என்று மாற்றி இறங்கிக்கொண்டே வாருங்கள். எழுத்து எங்கே கலங்க ஆரம்பிக்கிறதோ அதுதான் உங்கள் கையின் எல்லை. இது ஆளுக்கு ஆள் மாறும். ஒரே ஆளுக்கும் காலையில் ஒரு மாதிரி, ராத்திரி பத்து மணிக்குச் சாப்பிடாமல் மண்டபத்தில் நிற்கும்போது வேறு மாதிரி.

கெட்டுப்போன படங்களை உடனே அழித்துவிடாதீர்கள். நான் பாளையங்கோட்டையில் ஒரு ஸ்டுடியோவில் வேலை கற்ற காலத்தில் பிலிம்தான். ரோலுக்கு 36 படம். கழுவி வந்த நெகட்டிவை விளக்குப் பெட்டி மேல் போட்டு, உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்து, கெட்ட ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்ல வேண்டும். சொன்னால்தான் முதலாளி அடுத்த ரோலைக் கையில் கொடுப்பார். அப்போது எரிச்சலாக வரும். ஆனால் கலங்கலுக்கு முகம் உண்டு என்பது அந்த மேசையில் தெரிந்துகொண்டதுதான். அசையாத சுவரும் தூணும் சேர்ந்து படம் முழுக்க ஒரே பக்கமாக இழுபட்டிருந்தால் கை ஆடியிருக்கிறது. விளக்குப் புள்ளிகள் எல்லாம் ஒரே மாதிரி கொக்கியாக வளைந்திருக்கும். சுவர் தெளிவாக இருந்து ஆள் மட்டும் தீற்றலாக இருந்தால் ஆள் நகர்ந்திருக்கிறார். முகத்துக்கு முன்னாலோ பின்னாலோ வேறொன்று கத்தி மாதிரி தெளிவாக இருந்தால் ஃபோகஸ் தப்பியிருக்கிறது. எதுவுமே தெளிவில்லை, ஓரங்கள் நெளிகின்றன, அடுத்தடுத்து எடுத்த பத்துப் படத்திலும் நெளிவு வேறு வேறு மாதிரி இருக்கிறது என்றால் அது கானல். எல்லாம் இடத்தில் இருந்தும் மேலே பால் ஊற்றினது போல இருந்தால் கண்ணாடியில் ஈரமோ விரல்ரேகையோ பூஞ்சையோ இருக்கிறது.

உங்கள் தேர்ப் படத்துக்கு வருவோம். 55 எம்எம், எஃப் 11, ஐஎஸ்ஓ 100, 1/60. ஐஎஸ்ஓ 100-ல் எடுத்தால்தான் படம் சுத்தமாக வரும் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக நடக்கிற ஆள் நொடிக்கு ஒன்றேகால் மீட்டர் போகிறார். 1/60 நொடியில் அது இரண்டு சென்டிமீட்டர். வடம் இழுக்கிறவரின் கையும் தோளும் அதைவிட இரண்டு மடங்கு வேகத்தில் போகும்; நான்கு ஐந்து சென்டிமீட்டர் இழுபடும். மனிதக் கண்ணின் அகலமே சுமார் மூன்று சென்டிமீட்டர்தான். அப்புறம் எந்த லென்ஸை மாட்டினாலும் கண் இருக்க வேண்டிய இடத்தில் தீற்றல்தான் இருக்கும்.

அதே வெளிச்சத்தில் எஃப் 5.6-க்குத் திறந்து ஐஎஸ்ஓ 400 வைத்திருந்தால் 1/1000 கிடைத்திருக்கும். 1/60-க்கும் 1/1000-க்கும் நடுவே நான்கு படி; ஒரு படி என்றால் வெளிச்சம் இரட்டிப்பாவது, அல்லது பாதியாவது. இரண்டு படி அப்பர்ச்சரில், இரண்டு படி ஐஎஸ்ஓ-வில். இன்றைய சென்சாரில் ஐஎஸ்ஓ 400 என்பது ஒன்றுமே இல்லை. 1600 வரை நான் யோசிப்பதே இல்லை. படத்தில் மணல் தூவினது போல் கிரெயின் வந்தால் மென்பொருளில் குறைத்துக்கொள்ளலாம். இழுபட்டுப்போன முகத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி திருப்பித் தராது. அதுவாக ஒரு முகத்தை வரைந்து கொடுத்தால்தான் உண்டு.

ரத வீதியில் நிற்கும்போது ஒவ்வொரு படத்துக்கும் இதையெல்லாம் திருப்பிக்கொண்டிருக்க நேரம் கிடைக்காது. ஆட்டோ ஐஎஸ்ஓ-வைப் போட்டு, குறைந்தபட்ச ஷட்டர் வேகத்தை 1/500 என்று பூட்டிவிடுங்கள். ஐஎஸ்ஓ 3200-க்கு மேல் போகாதே என்று ஒரு உச்சமும் வையுங்கள். அதன்பிறகு வெயிலிலிருந்து வாகையடி முக்கு நிழலுக்குள் தேர் நுழைந்தாலும் கேமரா பார்த்துக்கொள்ளும். என்னைக் கேட்டால், பணம் செலவில்லாமல் ஒரே நாளில் படங்களைத் தெளிவாக்கும் வேலை இந்த ஒன்றுதான்.

இன்னொன்று, இதைக் கேமராப் புத்தகம் சொல்லாது. தேர் ஓடும்போது எடுக்காதீர்கள், கிளம்புவதற்கு ஒரு நொடி முன்னால் எடுங்கள். முட்டுக்கட்டையை எடுத்தாயிற்று, வடம் விறைத்துவிட்டது, ஆயிரம் பேர் பின்னால் சாய்ந்து மொத்த பலத்தையும் கொடுக்கிறார்கள், தேர் இன்னும் அசையவில்லை. அந்த நொடியில் கழுத்து நரம்பு புடைத்திருக்கும், பல் கடித்திருக்கும், ஆனால் யாரும் நகரமாட்டார்கள். 1/125-ல்கூடத் தெளிவாக வரும். தேர் நகர்ந்ததும் எல்லா முகத்திலும் சிரிப்பு வந்துவிடும், ஆளும் ஓட ஆரம்பித்துவிடுவார். நான் இரண்டு மணி நேரம் நின்று அப்படிப்பட்ட நொடி ஆறோ ஏழோதான் பிடித்திருக்கிறேன். கூட்டத்துக்குள் நிற்காமல் ஏதாவது கடையின் படிக்கட்டில் முதுகைச் சாய்த்து நில்லுங்கள். இடிபடுகிற கையால் எந்த வேகத்திலும் படம் ஒழுங்காக வராது.

கை ஆடுவதைப் பற்றிப் பழைய கணக்கு ஒன்று எல்லோருக்கும் தெரியும்: லென்ஸ் 200 எம்எம் என்றால் ஷட்டர் 1/200-க்குக் குறையக் கூடாது. அது பிலிம் காலக் கணக்கு. உங்கள் கிராப் கேமராவில் அதை ஒன்றரையால் பெருக்க வேண்டும். 24 மெகாபிக்சலை நூறு சதவீதம் பெரிதாக்கிப் பார்க்கிற ஆளாக இருந்தால் இரண்டால் பெருக்குங்கள். 250 எம்எம்முக்கு 1/500. லென்ஸில் இருக்கிற ஆட்டத்தடுப்பு இந்தக் கணக்கில் மூன்று நான்கு படி கருணை காட்டும். ஆனால் அது உங்கள் கை ஆட்டத்துக்கு மட்டும்தான் காவல், எதிரே ஓடுகிற பிள்ளைக்கு அது எதுவும் செய்யாது. இது புரியாமல் "அதான் ஸ்டெபிலைசர் இருக்கே" என்று 1/30-ல் கோலாட்டம் எடுத்துவிட்டு வருத்தப்படுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

முழங்கைகளை விலாவோடு ஒட்டுங்கள். இடது உள்ளங்கை லென்ஸுக்கு அடியில் தாங்கட்டும். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, பொத்தானைக் குத்தாமல் மெல்ல அமுக்குங்கள். மூன்று படம் தொடர்ச்சியாக எடுத்தால் இரண்டாவதும் மூன்றாவதும் தெளிவாக இருக்கும். முதல் படத்தில் விரல் அமுக்கின அதிர்ச்சி சேர்ந்திருக்கும். டிரைபாடை உள்ளே விடமாட்டோம் என்கிற இடங்களில் நான் ஒரு கயிறு வைத்திருப்பேன். கேமராவின் அடியில் இருப்பது கால் அங்குலத் திருகு. அதற்குச் சேர்கிற குட்டை போல்ட்டில் சணல் கயிற்றைக் கட்டி, மறுமுனையைக் காலால் மிதித்துக்கொண்டு கேமராவை மேல்நோக்கி இழுத்துப் பிடித்தால் இரண்டு படி நிச்சயம் கிடைக்கும். பத்து ரூபாய்ச் செலவு. பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும்.

இனி கூந்தன்குளம். 1994-லிருந்து பறவைகள் சரணாலயம், இப்போது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் இருக்கிறது, உங்களுக்குத் தெரியாததா. அனுப்பிய படத்தில் 250 எம்எம், 1/1600, எஃப் 5.6. எல்லாம் சரிதான். மணி பதினொன்று. நாரை குளத்துக்கு அந்தப் பக்கம், நூற்றைம்பது மீட்டராவது இருக்கும். நடுவே வெயிலில் காய்ந்த கரை, சேறு, அப்புறம் தண்ணீர். சூடேறிய தரையிலிருந்து சூடான காற்று கிளம்பி, குளிர்ந்த காற்றோடு கலக்கும் இடத்தில் ஒளி வளைந்து நெளிந்து வரும். தார்ச்சாலையில் மத்தியானம் தண்ணீர் மாதிரி மினுங்குவது எதுவோ அதுதான் உங்கள் லென்ஸுக்கு முன்னாலும் இருந்தது. இதில் லட்ச ரூபாய் லென்ஸ் வைத்தவர் உங்களைவிட மோசமாக மாட்டிக்கொள்வார். நெளிவையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டும் அவருடைய லென்ஸ்.

கானலுக்கு மருந்து இரண்டுதான், நேரமும் தூரமும். ஆறு மணிக்குக் கரையில் நிற்க வேண்டும், எட்டரைக்குக் கேமராவை உள்ளே வைத்துவிட வேண்டும். அப்புறம் எதற்குக் குளத்தின் அக்கரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள்? ஊருக்குள் வீட்டு முற்றத்து மரங்களிலேயே மஞ்சள்மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கும். அந்த ஊர்க்காரர்கள் பறவைக்காகத் தீபாவளிக்கு வெடிகூட வெடிப்பதில்லை. தெருவில் நின்றபடி இருபது முப்பது மீட்டரில், நிழல் பட்ட குளிர்ந்த தரைக்கு மேலாக எடுக்கலாம். அங்கே உங்கள் 55-250 தாராளமாகப் போதும். எஃப் 8-க்குக் கொஞ்சம் மூடிக்கொண்டால் இன்னும் நன்றாக இருக்கும். கூட்டுக்கு நெருங்க வேண்டாம், ஃப்ளாஷ் அறவே வேண்டாம். வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள், முற்றம் அவருடையது.

பறக்கிற பறவை வேறு கதை. ஒரு நாரை நொடிக்குப் பத்து மீட்டர் பறக்கிறது என்று வைத்துக்கொண்டால் 1/1000 நொடியில் ஒரு சென்டிமீட்டர் போய்விடும். சிறகின் நுனி அதைவிட வேகம். 1/2000-க்குக் கீழே நான் இறங்குவதில்லை. ஃபோகஸைத் தொடர் முறையில் வைத்து, நடுவில் இருக்கும் ஃபோகஸ் புள்ளிகளில் ஒரு சின்னக் கூட்டத்தை மட்டும் இயங்க விடுங்கள். எல்லாப் புள்ளியையும் திறந்து வைத்தால் பறவை வானத்திலிருந்து கருவேல மரத்துக்கு முன்னால் வந்த கணத்தில் கேமரா மரத்தைப் பிடித்துக்கொள்ளும். பறவை காற்றுக்கு எதிராகத்தான் இறங்கும், காற்றுக்கு எதிராகத்தான் கிளம்பும். தை மாசி மாதங்களில் வாடை வடகிழக்கிலிருந்து வரும், காலைச் சூரியனும் கிழக்குப் பக்கம்தான். இரண்டையும் முதுகில் வாங்கிக்கொண்டு நின்றால் பறவை முகத்தில் வெயில் பட உங்களை நோக்கியே இறங்கும். வரித்தலை வாத்துகள் இமயமலையைத் தாண்டி வந்து நம்மூரில் குளிர்காலம் கழிப்பதும் அந்த மாதங்களில்தான். காரிலிருந்து எடுப்பதாக இருந்தால் இன்ஜினை நிறுத்திவிடுங்கள். ஜன்னல் விளிம்பில் மஞ்சப்பையில் இரண்டு கிலோ அரிசி போட்டுக் கட்டி வைத்து அதில் லென்ஸைப் படுக்க வையுங்கள். ஏசி ஓடின காரின் ஜன்னலைத் திறந்தவுடன் எடுத்தால் அங்கேயும் குளிர்காற்றும் சூட்டுக்காற்றும் கலந்து ஒரு குட்டிக் கானல் உண்டாகும். ஐந்து நிமிடம் பொறுங்கள்.

பணகுடி, ராதாபுரம் பக்கம் காற்றாலை எடுக்க ஆடி மாதம் போகப்போவதாகவும் ஒரு வரி எழுதியிருந்தீர்கள். அங்கே டிரைபாட் உதவி செய்வதைவிட உபத்திரவம்தான் அதிகம். கால்களை முழுக்க நீட்டாமல், நடுக்கம்பை உயர்த்தாமல், குட்டையாக வைத்து, கொக்கியில் பையைத் தரையைத் தொட்டும் தொடாமலும் தொங்கவிடுங்கள். முழுக்க ஆடித் தொங்கினால் பை ஊஞ்சலாகிவிடும். லென்ஸின் வெயில்மறைப்பைக் கழற்றுங்கள், அது பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். படபடக்கிற வாரையும் கழற்றுங்கள். சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டர் வேண்டாம். பல கேமராக்களில் அது படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதால் காற்றாலை இறக்கை அரிவாள் போல் வளைந்து வரும். கார் பருவ நெல் வயலை எடுப்பதாக இருந்தால் காற்று மூச்சு வாங்கும் இடைவெளிக்குக் காத்திருங்கள். ஆடிக்காற்றிலும் அப்படி இரண்டு மூன்று நொடி வரும்.

அக்கா கல்யாணப் படம் எனக்கு உண்மையிலேயே வருத்தம், ஏனென்றால் அதை மறுபடி எடுக்க முடியாது. 50 எம்எம்மை 1.8-ல் திறந்து ஒரு மீட்டர் தூரத்திலிருந்து எடுத்திருக்கிறீர்கள். உங்கள் சென்சாரில் அந்தக் கணக்குக்குத் தெளிவாக விழும் ஆழம் மொத்தமே மூன்று சென்டிமீட்டர். மாப்பிள்ளையின் சட்டைக்கை அந்த மூன்றுக்குள் இருந்தது, தாலியும் அக்கா முகமும் வெளியே போய்விட்டன. நடுப்புள்ளியில் ஃபோகஸைப் பிடித்துவிட்டு கேமராவைத் திருப்பி எடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அந்தத் திருப்பலிலேயே மூன்று சென்டிமீட்டர் கரைந்துவிடும். கெட்டிமேளம் கொட்டினதும் நாத்தனார் கை, அட்சதை போடுகிற கை, வீடியோக்காரர் முழங்கை என்று எட்டுக் கை குறுக்கே வரும். கேமரா பாவம், கிட்டே இருக்கிறதைத்தான் பிடிக்கும்.

அரை மீட்டர் பின்னால் வந்து எஃப் 4 வைத்திருந்தால் ஆழம் பதினான்கு சென்டிமீட்டர் ஆகியிருக்கும். முகம், கை, தாலி மூன்றும் அடங்கும். ஐஎஸ்ஓ 2000, 3200 போகட்டும், ஷட்டர் 1/160. புள்ளியை முன்கூட்டியே சட்டகத்தில் முகம் வரப்போகும் இடத்துக்கு நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணைத் தானாகப் பிடிக்கும் வசதி இருந்தால் அதுவும் நல்லது, ஆனால் மணப்பெண் குனிந்திருக்கும்போது அது தடுமாறும். ஃப்ளாஷை நேராக அடிக்காமல் வெள்ளைக் கூரையில் அடித்துத் திருப்புங்கள். கூரை உயரமாக இருந்தாலோ சிவப்புத் துணி கட்டியிருந்தாலோ அது நடக்காது. அப்போது வீடியோக்காரரின் விளக்கு எந்தப் பக்கம் நிற்கும் என்று முந்தின நாளே அவரோடு பேசி வைப்பதுதான் வழி. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், மலிவான மண்டப விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மினுங்கும். சில படத்தில் பாதி மஞ்சளாகவோ பட்டை பட்டையாகவோ வந்தால் ஷட்டரை 1/100-க்கு இறக்கிப் பாருங்கள்.

எனக்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். மணிமுத்தாறு அருவிக்கு ஒரு முறை ஏசி காரில் போய் இறங்கி, பையிலிருந்து கேமராவை எடுத்த நொடியில் கண்ணாடி முழுக்கப் பனி மூடிவிட்டது. துடைத்தால் மறுபடி மூடுகிறது. சாரலில் நனைந்த ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பட்டால் அப்படித்தான். இருபது நிமிடம் கழித்துச் சரியானபோது அருவி மேல் விழுந்த காலை வெயில் போய்விட்டது. இப்போதெல்லாம் கேமராவை வாய் கட்டின பிளாஸ்டிக் பையோடு வெளியே எடுத்து வைத்துவிட்டு முதலில் டீ குடிக்கப் போய்விடுவேன். பனி பையின் மேல் படியும். அருவியில் தண்ணீர் பட்டுத்துணி மாதிரி வழிய அரை நொடி, ஒரு நொடி திறக்கிறோம். வெளிச்சத்தைக் குறைக்கிறோம் என்று பலர் எஃப் 22-க்கு மூடிவிடுகிறார்கள். அவ்வளவு சின்ன ஓட்டையில் ஒளி சிதறிப் பாறை எல்லாம் மெழுகாகிவிடும், கண்ணாடியில் ஒட்டின ஒவ்வொரு சாரல் துளியும் வட்டமாகத் தெரியும். எஃப் 11-ல் நின்றுவிட்டு, மிச்சத்தை வெளிச்சம் குறைக்கும் ஃபில்டரிடம் விடுங்கள். டிரைபாடில் வைத்ததும் ஆட்டத்தடுப்பை அணைத்துவிடுங்கள். ஓடுகிற தண்ணீருக்குள் டிரைபாட் காலை இறக்காதீர்கள், தண்ணீர் அதைக் கம்பி வாத்தியம் மாதிரி அதிரவைக்கும்.

சில்லறை விஷயங்கள்: லென்ஸ் முன்னால் மாட்டியிருக்கிற மலிவான யூவி ஃபில்டரைக் கழற்றிவிட்டு நாளிதழ்ச் சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள், 250-ல் வித்தியாசம் தெரியலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் லென்ஸைத் தோல்பையில் பூட்டி வைக்காதீர்கள்; காற்று புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள். எடுத்த இடத்திலேயே கேமரா திரையில் பெரிதாக்கி ஒரு தடவை பாருங்கள். சின்னத் திரையில் சிறிதாகப் பார்த்தால் எல்லாப் படமும் தெளிவாகத்தான் தெரியும். கம்ப்யூட்டரில் ஷார்ப்பன் அளவை இழுத்துத் தள்ளி, ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு வர வைக்காதீர்கள். வாட்ஸப்பில் அனுப்பினால் ஆவணமாக அனுப்புங்கள்.

70-200 எஃப் 2.8 கெட்ட லென்ஸ் இல்லை. மேடைக்குக் கீழே நின்று கல்யாணம் எடுத்துப் பிழைக்கப் போகிறீர்கள் என்றால் ஒரு நாள் வாங்க வேண்டியதுதான். ஆனால் தேர்ப் படத்தை 1/60-ல் அதுவும் இழுத்திருக்கும், கானலில் அதுவும் நெளிந்திருக்கும், 2.8-ல் கிட்டத்தில் நின்று எடுத்தால் அதுவும் தாலியை விட்டுச் சட்டையைப் பிடித்திருக்கும். கடன் வாங்காமல் கையில் இருக்கிற பணத்தில் ஒரு நல்ல கனமான டிரைபாடும், தலை திரும்புகிற ஃப்ளாஷ் ஒன்றும் வாங்கினால் இப்போதைக்குப் போதும்.

கடைசியாக, எப்படியோ நன்றாக வந்துவிட்டது என்ற உங்கள் ஆச்சி படம். 50 எம்எம், எஃப் 4, 1/125, ஐஎஸ்ஓ 400. ஆச்சி திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், நீங்கள் எதிரே தரையில் உட்கார்ந்து முழங்கையை முழங்காலில் ஊன்றியிருக்கிறீர்கள். படத்தின் கோணமே அதைச் சொல்கிறது. ஆச்சி முகமும் மடியில் இருக்கிற முறமும் கேமராவிலிருந்து கிட்டத்தட்ட ஒரே தூரத்தில் இருக்கின்றன, அதனால் இரண்டும் ஆழத்துக்குள் விழுந்துவிட்டன. எல்லாவற்றையும்விட, வெளிச்சம் வாசல் பக்கமிருந்து சாய்வாக வருகிறது. திருச்செந்தூர் சாலையில் கிருஷ்ணாபுரம் கோயில் சிலைகளைப் பார்த்திருப்பீர்கள். மதியம் போனால் கல்லாகத்தான் நிற்கும், சாய்வெளிச்சம் விழும் நேரத்தில் விரல் நகமும் நரம்பும் எழுந்து வரும். கல் ஒன்றுதான், ஒவ்வொரு மேட்டுக்கும் பக்கத்தில் ஒரு சின்ன நிழல் விழுகிறபோது கண் அதைத் தெளிவு என்று எடுத்துக்கொள்கிறது. ஆச்சி கன்னச் சுருக்கத்திலும், பீடி இலையின் நரம்பிலும் அதே நிழல் இருக்கிறது. நேரே ஃப்ளாஷ் அடித்திருந்தால் அதே லென்ஸில், அதே ஃபோகஸில் மழுங்கலாக வந்திருக்கும்.

பெரிதாக்கிப் பார்த்தால் வலது கை விரல் நுனி கொஞ்சம் கலங்கியிருக்கிறது, பார்த்தீர்களா? நூல் சுற்றுகிற விரல். 1/500 வைத்திருந்தால் அதுவும் நின்றிருக்கும். அதை மட்டும் மாற்றச் சொல்லமாட்டேன். பன்னிரண்டுக்குப் பதினெட்டு அங்குலத்தில் பிரிண்ட் போடுங்கள், உங்கள் 24 மெகாபிக்சல் அதற்குத் தாராளம். போட்டு ஆச்சியிடம் கொடுங்கள்.